பழைய கேபிள், புதிய பெட்டி

குப்பையில் போடத்தான் நிஷாந்தினி அந்த அட்டைப்பெட்டியை எடுத்தாள். வெறும் பெட்டி இவ்வளவு கனக்காதே என்று உள்ளே கையை விட்டாள். உறை பிரிக்காத கேபிள் ஒன்று வந்தது. ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் கொண்டுபோகிற கேபிள். நேற்று ஸுமைராவின் கணினியில் அவள் பொருத்திய புதிய பவர் சப்ளையோடு வந்தது.

இது இங்கே கிடக்கிறதென்றால் அந்தக் கணினிக்குள் இருப்பது எது?

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று நாற்பது. "நாளைக்கு லுஹர் தொழுதிட்டுத்தான் டிஸ்க்க மாட்டுவேன்" என்று ஸுமைரா நேற்றுச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அந்த நண்பகல் தொழுகைக்கு இன்னும் அரை மணிநேரம்தான் இருந்தது.

நிஷாந்தினிக்கு இருபத்தொன்பது வயது. பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பாப்பம்மாவின் மூத்த மகள். கண்டியில் ஹாஷிமின் கணினிக் கடைக்குப் போன் எடுத்துப் பேசத்தான் வந்தாள். ஆறு மாதத்தில் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தாள். அதற்குப் பிறகு, வீட்டுப் படங்கள் இருக்கிற கணினியை ஆண்கள் கையில் கொடுக்கக் கூசிய பெண்களெல்லாம் அவளைக் கேட்டு வரத் தொடங்கினார்கள். அவளும் ஒரு வழி சொல்லிக் கொடுத்தாள். டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வையுங்கள், மிச்சத்தை மட்டும் கொண்டு வாருங்கள், திருத்தித் தந்ததும் நீங்களே மாட்டிக்கொள்ளுங்கள். கையைப் பிடித்துப் பழக்கியும் விட்டாள். இன்றைக்கு ஸுமைராவின் ஊரான அக்குறணையில் டிஸ்க் கழற்றத் தெரிந்த பெண்கள் இருபது பேராவது இருப்பார்கள். நிஷாந்தினிக்கு அதில் பெருமைதான்.

அந்தப் பழக்கம்தான் இப்போது அவள் கழுத்தைப் பிடித்தது. நேற்றுக் கணினியைக் கடையில் ஓடவிட்டுப் பார்த்தபோது டிஸ்க் அதில் இல்லை. விண்டோஸ் மதர்போர்டிலேயே செருகிய வேறொரு சிறு தகட்டில் இருந்ததால் எல்லாம் ஒழுங்காகவே வந்தது. டிஸ்க்குக்குப் போகும் கேபிள் மட்டும் எதையும் தொடாமல் சும்மா தொங்கியது.

அது பழைய பவர் சப்ளையின் கேபிள். மதர்போர்டின் பின்னால் சுற்றி வளைத்து, ஐந்து இடத்தில் கட்டி, அழகாகக் கிடந்தது. அதை அறுத்து எடுக்க மனம் வரவில்லை. புதிய பவர் சப்ளைப் பெட்டியும் கேபிள்களைக் கழற்றி மாட்டுகிற வகைதான். நுனியைத் துளையில் வைத்து அழுத்தினாள். கிளிக் என்று உட்கார்ந்தது. அத்தோடு மறந்துபோனாள்.

உட்கார்ந்தால் சரி என்று அர்த்தமில்லை. டிஸ்க் பக்கத்து முனை எல்லாக் கேபிளிலும் ஒன்றுதான். பெட்டிப் பக்கத்து முனைக்கு அப்படியொரு விதி கிடையாது. கம்பனிக்குக் கம்பனி உள்ளே கம்பிகளின் வரிசை மாறும். பிளாஸ்டிக்கின் வடிவம் மட்டும் பெரும்பாலும் ஒன்றாயிருக்கும். கம்பிகள் எல்லாம் கறுப்பு என்பதால் கண்ணால் பார்த்துப் பிடிக்கவும் முடியாது.

ஒருவேளை இந்த இரண்டுக்கும் வரிசை ஒன்றாயிருந்தால்? அலுமாரியிலிருந்து அதே மாதிரியில் இன்னொரு புதிய பெட்டியை இறக்கினாள். கடையில் கழிக்கிற கேபிள்களையெல்லாம் போட்டு வைக்கிற பையைத் தரையில் கொட்டி, பழைய கம்பனியின் கேபிள் ஒன்றைத் தேடி எடுத்து மாட்டினாள். கணினி இல்லாமலே பெட்டியை உசுப்புவதற்குப் பெரிய முனையில் இரண்டு துளைகளைக் கம்பித் துண்டால் இணைத்தாள். விசிறி சுற்றியது. வோல்ட் அளக்கிற மீட்டரின் கம்பி முனையை ஐந்து வரவேண்டிய இடத்தில் வைத்தாள்.

பன்னிரண்டு.

முனையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். பன்னிரண்டேதான். ஐந்து போகவேண்டிய இடத்தில் பன்னிரண்டு போனால் டிஸ்க் எரிந்துவிடும்.

ஸுமைராவுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. தையல் மெசின் ஓடினால் ஸுமைராவின் காதில் எதுவும் விழாது. மூன்று தடவை முயன்றுவிட்டு, புதிய கேபிளையும் மீட்டரையும் பைக்குள் திணித்துக் கடையை இழுத்துப் பூட்டி ஆட்டோவில் ஏறினாள்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் அசையவில்லை. ஸுமைரா கணினியில் கோலம் வரைந்து மெசினில் பூ வேலை செய்து கொடுப்பவள். பதினொரு வருடத்துப் பூக்களும் கொடிகளும் மணப்பெண் உடுப்புக் கரைகளும் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன. அவள் வீட்டு அடுப்பு எரிவதே அதனால்தான்.

ஹாஷிமுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவர் கொழும்பில் சாமான் எடுக்கப் போயிருந்தார்.

"செத்துப் போயீந்தா, டிஸ்க் பழசுண்டு செல்லு" என்றார் ஹாஷிம். "பழசுதானே? பொய்யா அது?"

"நானா, நாந்தானே மாட்டுனேன்." ஹாஷிமை அவள் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"எனக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும். அவக்கு எதுக்கு?"

போனை வெட்டினாள். அந்த யோசனை தன் மனதிலும் ஏற்கனவே எட்டிப் பார்த்ததுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. அம்பத்தென்னையைத் தாண்டும்போது பள்ளிவாசலில் லுஹருக்குப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது.

"அண்ணே, கொஞ்சம் வெரசா போங்க."

"நான் என்ன தங்கச்சி, பறக்கவா?" என்றார் ஆட்டோக்காரர்.

ஸுமைராவின் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. கணினியின் பக்கத் தகடு கழற்றித் தரையில் சாய்த்திருந்தது. ஸுமைரா தொழுத முக்காட்டோடு குந்தியிருந்தாள்.

"வா புள்ள, நல்ல நேரத்துக்குத்தான் வந்தீக்கிற. டிஸ்க் மௌத்தாப் போச்சு போல, உசிரே இல்ல. அத மாட்டி சுவிச்சப் போட்டேன், டக்குண்டு கம்பியூட்டரே நிண்டிச்சி. கழட்டினா நல்லா ஓடுது. நீ செல்லித்தானே இன்னொரு டிஸ்க்குல கொப்பி ஒண்டு எடுத்து வெச்சேன்? இப்ப அதத்தான் மாட்டீக்கிறேன்."

அவள் விரல் சுவிச்சின் மேல் இருந்தது.

"தாத்தா, கைய எடுங்க!"

அக்குறணையில் அக்காவைத் தாத்தா என்பார்கள். நிஷாந்தினி கத்திய கத்தலில் ஸுமைரா பின்னால் சாய்ந்தே போனாள்.

"அல்லாஹ்வே! என்னத்துக்கு இந்தக் கூச்சல்?"

நிஷாந்தினி பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். தரையில் கிடந்த முதல் டிஸ்க்கை எடுத்து மூக்கில் வைத்தாள். கருகிய வாடை. டிஸ்க்கோடு தரையில் உட்கார்ந்தாள். டிஸ்க் பழசு என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"டிஸ்க்ல ஒரு கொறையும் இல்லீங்க தாத்தா" என்றாள். "புதுப் பெட்டிக்குப் பழைய கேபிள மாட்டுனது நாந்தான். அதுதான் இத எரிச்சிருக்கு. நீங்க சுவிச்சத் தட்டியிருந்தா அடுத்ததும் போயிருக்கும்."

ஸுமைரா முக்காட்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

பழைய கேபிளின் கட்டுக்களை நிஷாந்தினி ஒவ்வொன்றாக அறுத்து உருவினாள். புதியதை மாட்டினாள். டிஸ்க்கைச் சேர்க்காமல் மீட்டரை வைத்தாள். ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து, பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு. அப்படியும் நம்பிக்கை வராமல் இன்னும் இரண்டு தடவை அளந்தாள். பிறகு கொப்பி இருந்த டிஸ்க்கை மாட்டினாள். சுவிச்சில் விரல் வைக்க முடியவில்லை.

"போடு" என்றாள் ஸுமைரா. "நீதான் போடோணும்."

போட்டாள். டிஸ்க் மெல்ல முனகிச் சுழன்றது. திரையில் கோப்புகள் வரிசையாக வந்தன. ஸுமைரா கடைசி வரிசைக்கு இறங்கித் தேதியைப் படித்தாள். நோன்புக்கு முந்தின வாரம். அதற்குப் பிறகு ஐந்து மாதம் வரைந்ததெல்லாம் கருகியதோடு போயிருந்தது. அடுத்த வாரம் கொடுக்க வேண்டிய மணப்பெண் உடுப்பின் கரையும் அதில் ஒன்று.

"கொழும்புல இத மீட்டுத் தர்ற ஆளுங்க இருக்காங்க. கேட்டுப் பாக்குறேன். வருமுன்னு சொல்ல ஏலாது தாத்தா."

"அது இரிக்கட்டும்." ஸுமைரா இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தாள். "இப்பிடிப் பழைய கேபிள வெச்சு இன்னம் எத்தின ஊட்டுக்கு அனுப்பீக்கிற?"

நிஷாந்தினி மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். இந்த மாதம் புதிய பெட்டி போட்டவை மூன்றா நான்கா? எதில் கட்டுக்களை அறுத்தாள், எதில் அப்படியே விட்டாள்? நாவலப்பிட்டி இராஜேஸ்வரி டீச்சர் முந்தாநாள் புதிய பெட்டி போட்ட வெறும் கணினியோடு பஸ் ஏறியது மட்டும் கண்முன் நின்றது. டிஸ்க் டீச்சரின் வீட்டில் இருந்தது.

போனை எடுத்தாள். மறுமுனையில் குரல் வந்ததும் வணக்கம் சொல்லக்கூட நிற்கவில்லை.

"டீச்சர், டிஸ்க்க மாட்டிட்டீங்களா?"