அட்டவணை ஏழில் ஒரு அக்கா

லாட்ரிஸ் ஹேர்ஸ்டனை யாராவது அமைதியான பொண்ணு என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். அவள் வாயை மூடிக்கொண்டிருப்பது அடக்கத்தால் இல்லை. எதிராளி பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறாள், அவ்வளவுதான். இது தெரியாமல் மாட்டிக்கொண்டவர்களில் பேராசிரியர் கெல்னரும் ஒருவர்.

என் பெயர் அர்லீன் குட்லோ. மிசிசிப்பியில் எங்கள் கல்லூரியின் இளம் ஆய்வாளர் திட்டத்துக்குப் பதினெட்டு வருஷமாக ஆபீஸ் வேலை பார்க்கிறேன். கறுப்புப் பிள்ளைகள், அதுவும் வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவர்கள், நாளைக்குப் பேராசிரியர் நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதற்கான திட்டம். பட்டப்படிப்பு முடிவதற்குள் இரண்டு வருஷம் சொந்தமாக ஓர் ஆய்வு செய்யலாம். முதல் வருஷக் கடைசியில் மூன்று பேர் குழு உட்கார்ந்து, தொடரலாமா வேண்டாமா என்று சொல்லும். வேண்டாம் என்றால் டாக்டர் பட்டம் என்கிற பேச்சையே மூட்டை கட்டிவிட வேண்டியதுதான். எங்கள் பிள்ளைகளுக்காக வேறு யாரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கவில்லை. குழுவில் பேசுவதை எழுதிக்கொள்வது என் வேலை.

லாட்ரிஸ் எடுத்துக்கொண்டது, மரம் அறுக்கும் மில்லை நம்பியிருந்த ஓர் ஊரை. மில் மூடிய பிறகு யார் யாரோடு எங்கே போனார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு அவள் நூலகத்துக்குப் போகவில்லை. செத்தவர்களை அடக்கம் செய்கிற அன்று சர்ச்சில் கொடுக்கிற தாள் இருக்கிறதே, முன்னால் போட்டோ, உள்ளே பிறந்த ஊர், பார்த்த வேலை, விட்டுச்சென்ற சொந்தங்களின் பெயர் என்று, அதை எங்களில் ஒருத்தரும் தூக்கிப் போடுவதில்லை. பைபிளுக்குள் கிடக்கும், செருப்புப் பெட்டியில் கிடக்கும். வீடு வீடாக ஏறி அறுநூற்றுப் பன்னிரண்டு தாள் சேர்த்துவிட்டாள். ஒவ்வொரு வீட்டிலும் கேக் சாப்பிடாமல் விடவில்லையாம். ஆய்வு முடிவதற்குள் வாசப்படியில் நுழைய முடியாமல் போய்விடும் என்று என்னிடம் புலம்புவாள்.

ஏப்ரலில் குழு கூடியது. அந்த மூன்று பேரில் ஒருவரான கெல்னர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கணக்கில் புலி. தாளில் இருந்த உறவுகளைப் பிறப்புப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தார். நூற்று நாற்பது தாள்களில் அக்கா, தங்கை, அண்ணன் என்று போட்டிருந்தவர்கள் பதிவில் வேறு அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர்கள். லாட்ரிஸோ எல்லாரையும் உடன்பிறந்தவர்கள் என்றே எண்ணி வைத்திருந்தாள். எங்கள் ஊரில் யாருக்கு இதைப் பிரித்துப் பார்க்கத் தோன்றும்? மூன்று வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தால் அண்ணன். சேர்ந்து வேலை பார்த்தால் அக்கா. செத்தால் அப்படியே தாளில் ஏறிவிடும். நானே எண்ணியிருந்தாலும் அதே தப்பைத்தான் செய்திருப்பேன்.

"உதாரணத்துக்கு அட்டவணை ஏழைப் பாரும்மா," என்றார். "ஓனிடா ஹேர்ஸ்டன். உடன்பிறந்த அக்கா வெர்லீன் டப்ஸ்னு போட்டிருக்கே. ரெண்டு பேருக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

பேனா என் கையிலேயே நின்றுவிட்டது. ஓனிடா, லாட்ரிஸின் அம்மா. அவள் செத்தபோது லாட்ரிஸுக்கு ஆறு வயது. வெர்லீன்தான் வளர்த்தவள். லாட்ரிஸின் முகத்தைப் பார்த்தேன். வெர்லீன் ரத்த சொந்தம் இல்லை என்று இருபத்தோரு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிகிறது.

கெல்னருக்கும் அப்போதுதான் உறைத்தது. குரலைத் தணித்துக்கொண்டு, திட்டத்தின் நன்கொடையாளர் விருந்தில் அவள் இந்தக் கதையைச் சொன்னால் எல்லாரும் உருகிப்போவார்கள் என்றார். ஆய்விலிருந்து மட்டும் அந்த நூற்று நாற்பதையும் எடுத்துவிட வேண்டும். ஒரு வாரம் அவகாசம். திருத்தாவிட்டால் இரண்டாம் வருஷம் கிடையாது.

விருந்தாம், உருகுவதாம். பிள்ளையின் வயிற்றில் அடித்துவிட்டு அதையே பரிமாறச் சொல்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் குறிப்பேட்டின் தாள் கிழிந்தது. லாட்ரிஸ் காகிதங்களை அடுக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

சனிக்கிழமை வெர்லீன் வீட்டுக்கு அவளைக் காரில் கூட்டிப் போனது நான்தான். வெர்லீன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள், ஆறடி உயரம், யாருக்கும் பயப்படாதவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கான வெள்ளை உடுப்பை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். லாட்ரிஸ் நேராகக் கேட்டாள். வெர்லீன் இஸ்திரியை நிறுத்தவில்லை.

மில் கேன்டீனில் ஓனிடாவும் தானும் ஒரே மேசையில் நின்று மீன் வெட்டியதாகவும், இரண்டாவது வாரம் ஓனிடா தன்னை அக்கா என்று கூப்பிட்டதாகவும் சொன்னாள். அதற்குமேல் அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்டாள்.

"உடன்பிறந்தன்னு தாள்ல எழுதினது யாரு பெரியம்மா?"

"நான்தான்."

"பொய்யின்னு தெரிஞ்சேவா?"

அப்போதுதான் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நான் நினைச்ச மாதிரியே அடக்கம் முடிஞ்ச மறுநாள் அரசாங்கத்துலேருந்து ஒருத்தி வந்தா. புள்ளைக்கு ரத்த சொந்தம் யாருன்னு கேட்டா. இல்லேன்னா அனாதை இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுவாளாம். அந்தத் தாளைக் காட்டினேன். பாஸ்டர் ஆமான்னு தலையாட்டினாரு. அவ போயிட்டா. இப்ப சொல்லுடி, அது பொய்யா?"

லாட்ரிஸ் அழுதாள். நானும்தான், அதில் என்ன வெட்கம்? அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதைக் குழுவில் சொல்லலாமா என்று கேட்டாள்.

"தாராளமா சொல்லு. உனக்கு இருபத்தோரு வயசாச்சு. இப்ப வந்து தூக்கிட்டுப் போகட்டும், பாப்போம்."

அதற்குப் பிறகு நாலு நாள் லாட்ரிஸ் என் ஆபீஸ் தரையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தாண்டித் தாண்டித்தான் காபி எடுக்கப் போனேன்.

அடுத்த கூட்டத்தில் கெல்னர், திருத்தியாகிவிட்டதா என்று கேட்டார்.

"ஒண்ணைத் திருத்தினேன். உடன்பிறந்தவர்னு நான் எண்ணினது தப்பு, அது என் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா அந்த நூத்தி நாப்பதும் தப்பு இல்ல. அதுல தொண்ணூத்தேழு வீட்டுல செத்தவங்க சின்னப் புள்ளைங்களை விட்டுட்டுப் போயிருக்காங்க. உங்க பதிவோட ஒத்துப்போற தாள்கள்ல பத்துல ஒண்ணுதான் அப்படி. கைதவறி எழுதினா எல்லா வீட்டுலயும் ஒரே அளவுல வரணும். இது புள்ளைங்க இருக்கற வீடாப் பாத்து வருது. தெரிஞ்சே எழுதியிருக்காங்க சார். மில் மூடினப்ப அந்தப் புள்ளைங்க போனதும் தாள்ல அக்கா, அண்ணன்னு போட்டவங்களோடதான். யார் யாரோட போனாங்கங்கறதுதானே ஆய்வு, நீங்க எடுக்கச் சொன்ன பெயர்லதான் பதில் இருக்கு."

கெல்னர் அட்டவணையைப் புரட்டினார். திரும்பவும் புரட்டினார். விருந்தில் பேசுவாளா என்று இன்னொருவர் கேட்டார். அழுது காட்ட வரமாட்டேன், இந்த அட்டவணையை விளக்கச் சொன்னால் வருகிறேன் என்றாள். வாக்கெடுப்பில் இரண்டுக்கு ஒன்று, அவள் தொடரலாம். கெல்னர் இன்னும் சான்று வேண்டும் என்று எதிராகத்தான் கை தூக்கினார். தூக்கட்டும், அதையும் எழுதிக்கொண்டேன்.

இரண்டாம் வருஷப் படிவத்தை என் மேசையிலேயே நின்று நிரப்பினாள். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ரத்த சொந்தம் என்று அதில் ஓர் இடம் உண்டு. வெர்லீன் டப்ஸ், அம்மாவின் உடன்பிறந்த அக்கா என்று எழுதி என் பக்கம் தள்ளினாள்.

படிவத்தில் உள்ள விவரம் சரிதானா என்று பார்த்து முத்திரை குத்த வேண்டியது நான். வரிவரியாகப் படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. குத்தினேன்.