அஞ்சு வரைக்கும்

2025 ஜூலை 14, திங்கட்கிழமை, காலை மணி பத்து பதினைந்து. தென்காசியில் வெயிலும் இல்லை, மழையும் இல்லை. மேற்கேயிருந்து காற்றோடு வந்த சாரல் மூக்குக்கண்ணாடியை மட்டும் நனைத்தது. பேனர் அச்சடிக்கும் கடையொன்றின் மாடிக்குப் பதினேழு படிகள் ஏறிப் போய், எழுபத்து நான்கு வயதில் முதன்முறையாக மவுஸைப் பிடித்தேன்.

வெக்டர் படம் வரையக் கற்றுக்கொள்ளப் போயிருந்தேன். காரணம் என் தங்கை. வீட்டுக் கூடத்தில் அப்பா படமும் அம்மா படமும் பெரிதாக மாட்டியிருக்கின்றன. நான்கு வயதில் இறந்துபோன தங்கைக்கு இருப்பது உள்ளங்கை அளவில் ஒரே ஒரு படம். அதிலும் முகம் கலங்கியிருக்கும். பெரிதாக்கினால் சதுரம் சதுரமாகச் சிதறியது. கடையை நடத்தும் பெண் முதலில் கம்ப்யூட்டரையே ஒரு முகம் போடச் சொல்லிப் பார்த்தாள். அரை நிமிடத்தில் அழகான குழந்தை ஒன்று வந்தது. யார் பெற்ற குழந்தையோ. வெக்டரில், அதாவது கோடுகளால் வரைந்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதறாது, ஆனால் முகத்தைப் பார்த்தவர் யாராவது பக்கத்திலிருந்து சொல்ல வேண்டும் என்றாள். பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது நான் ஒருவன்தான். சொல்லிப் பார்த்தேன், சொல்லில் வரவில்லை. நானே வரைவது என்று ஆயிற்று.

"மவுசு மேசைய விட்டு எறங்குதே சார், பாவூர்சத்திரம் பஸ்ஸப் பிடிக்கவா?" என்றாள் முதல் நாள்.

முப்பத்திரண்டு வருடம் நில அளவை வேலை பார்த்தவன் நான். வரப்பு எங்கெல்லாம் வளைகிறதோ அங்கெல்லாம் ஒரு கல் நட வேண்டும். ஒரு கல் தவறினால் இரண்டு குடும்பம் கோர்ட்டுக்குப் போகும். அந்தப் பழக்கத்தில், பழைய படத்தின் மேல் ஒரு கன்னத்துக்கு நூற்று நாற்பத்து மூன்று புள்ளிகள் வைத்தேன். இரண்டு மணி நேர வேலை. கன்னம் பலாப்பழத் தோல் போல வந்திருந்தது.

"என்ன சார், பச்சப்புள்ள மூஞ்சிக்கு வேலியா அடைக்கிய? புள்ளி கூடக்கூட கோடு நடுங்கும். நாலு போதும்."

நூற்று முப்பத்தொன்பதை அழித்தாள். ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். மிச்சமிருந்த புள்ளிகளின் இருபுறமும் நீண்ட கைப்பிடிகளை இழுத்து வளைக்கச் சொன்னாள். இழுத்தேன். கன்னம் திரும்பியது.

அன்றைக்கும் இதே சாரல்தான். ஆனி மாதக் கடைசி; எனக்கு எட்டு வயது. பள்ளிக்கூடம் உள்ள நாளில் அப்பா எங்கள் இருவரையும் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். அம்மா தங்கைக்குப் புதுப் பாவாடை கட்டி, பவுடர் பூசிவிட்டு, வாசலோடு நின்றுகொண்டாள். நான் குளிக்கத் துண்டு எடுத்துக்கொண்டேன். ஓடினால் தங்கைக்கு உதடு நீலம் பாரிக்கும். அதனால் எங்கே போனாலும் அப்பாவின் தோள் அவளுக்கு, நடை எனக்கு.

குளிக்கப் போகவில்லை. பேரருவிக்குப் போகும் வழியில் ஒருவர் தகரக் கொட்டகையில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே துணியில் எழுதிய அருவி. நிஜ அருவி கூப்பிடு தூரத்தில் இரைந்துகொண்டிருக்க, துணி அருவிக்கு முன்னால் ஸ்டூல் போட்டுத் தங்கையை உட்கார வைத்தார்கள். அவளை மட்டும்.

"மழ இருட்டுல்லா அண்ணாச்சி," என்றார் படக்காரர். "மூடியத் தெறந்து அஞ்சு எண்ணித்தான் மூடணும். பிள்ள அசையக் கூடாது."

அப்பா என்னைப் பார்த்தார். "ஏலே, நீதான எண்ணுததுல சூரன். அஞ்சு வரைக்கும் எண்ணு. மெதுவா." சொல்லிவிட்டு வெளியே போய் அருவியைப் பார்த்து நின்றுகொண்டார்.

தங்கைக்கும் ஐந்து வரைக்கும் தெரியும். விரல் மடக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அவள் இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள். படக்காரர் கேமரா மூடியைத் திறந்தார். ஒன்று என்றேன். இரண்டு என்றேன். கையில் நனையாத துண்டு இருந்தது. ஐந்து என்றேன்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. முகம் முழுவதையும் என் பக்கம் திருப்பினாள்.

"அண்ணே, மூணுல்லா?"

படக்காரர் தன் மனக்கணக்கில் இன்னும் மூடியைக் கையில் வைத்திருந்தார். "ஏட்டி!" என்று கத்தினார். படம் பதியும் கண்ணாடித் தகடுகளில் அவரிடம் இருந்த கடைசி அது. அப்பா உள்ளே வந்து கேட்டபோது, அவள் அசைந்துவிட்டாள் என்றேன். அருவி இரைச்சலில் அவருக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை. அவளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் அப்பாவின் தோளில் சாய்ந்தபடி விரல்களை மடக்கி மடக்கிச் சரிபார்த்துக்கொண்டு வந்தாள்.

படம் எட்டு நாள் கழித்துக் கைக்கு வந்தது. துணி அருவி கல்லில் வெட்டியதுபோல அசையாமல் நின்றது. அவள் முகம்தான் தண்ணீராக ஓடியிருந்தது. மழை விட்டதும் இன்னொரு தடவை போகலாம் என்றாள் அம்மா. ஆடி முடிவதற்குள் தங்கை இல்லை.

மாடியில் நாள் கணக்காக அந்தக் கலங்கலைப் பார்த்துக்கொண்டிருந்ததில், அதற்குள் இரண்டு முகங்கள் இருப்பது தெரிந்தது. ஒன்று நேராகப் பார்ப்பது. மற்றது, அதைவிட மங்கலாக, என் பக்கம் திரும்பியது. நேராகப் பார்ப்பதை வரைந்தால் கூடத்தில் மாட்ட லட்சணமாக இருக்கும் என்றாள் கடைக்காரப் பெண். நான் திரும்பியதை வரைந்தேன். பதினொரு நாள் ஆயிற்று. 'மூ' என்று குவிந்த உதட்டுக்கு நான்கே புள்ளிகள். சிவப்பு வைக்கச் சொன்னாள். அதில் கொஞ்சம் நீலம் கலந்தேன்.

பிள்ளை பிழைக்காது என்று டாக்டர் அப்பாவிடம், குற்றாலம் போனதற்கு முந்தின வாரமே சொல்லியிருந்தார். அது எனக்குத் தெரியவந்தபோது வயது பதினைந்து. ஆனால் என்னை ஏன் எண்ணச் சொன்னார் என்று அப்போதும் யோசிக்கவில்லை. நன்றாக எண்ணுவேன், அதனால்தான் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். அப்பாவால் அன்றைக்கு ஐந்து வரைக்கும் எண்ணியிருக்க முடியாது.

அவர் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனவை ஐந்து எண்கள். நான் சொன்னவை மூன்று. நான் விழுங்கிய இரண்டுதான் அந்தப் படத்துக்கு ஆன மொத்தச் செலவு.