விலாசக்காரி

என் தங்கை மகளை நாங்கள் எல்லோரும் விலாசக்காரி என்றுதான் கூப்பிடுவோம். பல்கலைக்கழகத்தில் பழைய மாணவர் பிரிவில் அவளுக்கு வேலை. படித்துவிட்டுப் போனவர்கள் எந்த ஊரில், எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று எழுதி வைப்பது அவள் பாடு. பதினோராயிரம் பேர். யாராவது வீடு மாறினால் அன்றைக்கே திருத்திவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

அவள் அண்ணனும் அங்கே படித்தவன்தான். பிழைப்புக்காகத் தூர தேசம் போனவன், வீடு மாறியதும் போனில் புது விலாசமும் நம்பரும் சொன்னான். அண்ணன்தானே, அப்புறம் எழுதிக்கலாம் என்று விட்டுவிட்டாள். அந்த வாரமே அவர்கள் அப்பா போய்ச் சேர்ந்தார். சேதி பழைய விலாசத்துக்குப் போனது. அவனாகக் கூப்பிட்டபோது பதினாறு நாள் ஆகியிருந்தது. ஊர்ப்பட்ட பேர் விலாசமெல்லாம் வச்சிருக்கே, என்னுது மட்டும் இல்லையா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தவன்தான். ஒன்பது வருஷம் பேச்சுமூச்சு இல்லை. அந்த வீட்டையும் காலி செய்துவிட்டான்.

பிறகு பல்கலைக்கழகத்தில் புது ஏற்பாடு வந்தது. இங்கே கூட்டம் போட்டால் பக்கத்து ஊர்க்காரர்கள்தான் வருகிறார்கள். நாமே அவர்கள் இருக்கிற இடத்துக்குப் போவோம் என்றார்கள். ஊருக்கு ஒருவரைப் பிடித்து, அவர் வீட்டிலோ கடையிலோ பத்துப் பேரைச் சேர்ப்பது. இவள் சோறு தண்ணி மறந்து அலைந்தாள். பேசுகிற ஒவ்வொருவரிடமும் அண்ணன் பேரைச் சொல்லி விசாரித்தாள்.

மூன்றாம் வருஷம், தன் கடையில் கூட்டம் போட்ட ஒரு பெயிண்ட் கடைக்காரர் கூப்பிட்டார். அண்ணன் வந்திருந்தானாம். இளைத்திருந்தானாம். கடைசிவரை இருந்து நாற்காலிகளை மடக்கி அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போனானாம்.

அவன் நிரப்பிய தாளும் வந்தது. விலாசம், நம்பர் எல்லாம் முத்து முத்தாக. அடியில், வருஷக் கூட்ட அறிவிப்பு தவிர போனோ கடிதமோ வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்து.

"கூப்பிட்டுப் பேசுடி, யார் பார்க்கப் போறா?" என்றேன்.

"ஆபீசுக்குத்தான் பெரியம்மா எழுதியிருக்கான். ஆனா ஆபீஸ்ல இருக்கிறது நான்தான்னு அவனுக்குத் தெரியும்."

அறிவிப்பு மட்டும் அனுப்பினாள். அச்சடித்த காகிதம், ஒரு வரி கூடச் சேர்க்கவில்லை.

இந்த வருஷக் கூட்டம் முடிந்து கடைக்காரர் பேசியபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவர் வந்தவர்கள் பேரை ஒவ்வொன்றாகச் சொல்ல, இவள் எழுதிக்கொண்டே வந்தாள். அண்ணன் பேர் வராமலே அவர் நிறுத்தினார். இவள் பேனாவைத் தாளிலிருந்து எடுக்கவில்லை.

"அவ்வளவுதானா சார்?"

அவ்வளவுதானாம்.