அவருக்கு விழுந்த மாலை

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் யாராவது இறந்துபோனால், முதலில் மற்றவர்களின் அறைக் கதவுகளை மெதுவாகச் சாத்துவோம். பிறகு ஆளைக் கொண்டுபோவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் கதவில் இருந்த பெயரும் போய்விடும். யாரும் சத்தம்போட்டு அழுவதில்லை. சிட்னிக்கு வந்த புதிதில், இவர்களுக்கு நெஞ்சே இல்லையோ என்று நினைத்தேன். இப்போது பொறாமையாக இருக்கிறது. இந்த நாட்டில் ஒருவர் செத்தால் செத்துத்தான் போகிறார். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

என்னோடு வேலை செய்யும் லின் நல்ல மனுசி. ஒருநாள் தேநீர் குடிக்கும்போது என் கணவர் எங்கே என்று கேட்டாள். காணாமல் போய்விட்டார் என்றேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, பொலிஸுக்கு அறிவித்தாயா என்று பதறினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இலங்கையில் போர் முடிந்த நேரம், சரணடைந்தால் விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னதை நம்பி, நாங்கள் வரிசையில் நின்றோம். சீருடைக்காரர்கள் அவரை பஸ்ஸில் ஏற்றினார்கள். ஜன்னலால் எட்டிப் பார்த்து, "பயப்பிடாதை, வந்திடுவன்" என்றார். அப்போது மகள் ஆரணி என் வயிற்றில். இதை லின்னுக்கு எந்த இங்கிலிஷில் சொல்வது? அறிவித்தோம் என்று மட்டும் சொன்னேன்.

அண்ணன் ஸ்பொன்சர் செய்து எடுப்பித்துத்தான் நானும் ஆரணியும் சிட்னியின் கிரவீனுக்கு வந்தோம். வீட்டு ஹோலில் என் கணவருடைய போட்டோ தொங்குகிறது. அதற்கு மாலை கிடையாது, விளக்குக் கிடையாது. திவசமும் கொடுப்பதில்லை. நான் பொட்டு வைத்துக்கொள்கிறேன். அதே போட்டோவைப் பெரிதாக்கி மட்டையில் ஒட்டி, கிளிநொச்சியில் என் மாமி, காணாமல்போன பிள்ளைகளைக் கேட்டுப் போராடும் மற்றத் தாய்மாரோடு தெருவோரக் கொட்டகையில் மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். "மாலையைப் போட்டால் நாங்களே அவனைக் கொன்ற மாதிரி" என்பார். ஒவ்வொரு ஞாயிறும் வீடியோவில் எடுப்பார். என்னோடு இரண்டு வார்த்தை. பிறகு, "தம்பியைக் காட்டு பிள்ளை." நான் போனைச் சுவர்ப்பக்கம் திருப்புவேன். தாயும் மகனும் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பக்கத்துக் குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் பிரபு மதுரைக்காரத் தம்பி. கொம்பியூட்டர் வேலை; சனி ஞாயிறுகளில் சொந்தச் சம்பளத்தைப் போட்டு ஒரு படம் எடுத்தான். கணவன் செத்தபிறகு இங்கே தனியாக வாழும் ஒரு பெண்ணின் கதை. வீடு வாடகைக்கு எடுக்க வசதி இல்லை, உங்கள் வீட்டைத் தருவீர்களா அக்கா என்று கேட்டான். வீட்டுத் திறப்பைக் கொடுத்து, இடியப்பமும் அவித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தபோது வீடு கூட்டித் துடைத்திருந்தது. வெளிச்சத்தை மறைக்கக் கட்டிய என் படுக்கை விரிப்புகள்கூட மடித்து வைத்திருந்தன.

படத்தை ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஊர் மண்டபத்தில் போட்டார்கள். திரைச்சீலையையும் மீறி வெயில் உள்ளே வந்தது. என் கேத்தலும் என் குசினியும் திரையில் வந்தபோது நானும் ஆரணியும் இடித்து இடித்துச் சிரித்தோம். பிறகு அந்தப் பெண் வேலையால் வந்து, சுவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.

சுவரில் இவர். கழுத்தில் மல்லிகை மாலை. கீழே விளக்கு.

அந்த இடத்தில் இசை இல்லை. இசைக்குக் காசில்லை என்று பிரபு பின்னர் சொன்னான். என் பிரிட்ஜ் உறுமுகிற சத்தம் மட்டும் கேட்டது. பஸ் பிந்தியதையும் சூப்பில் உப்புக் கூடியதையும் அவள் இவருக்குச் சொன்னாள். நானும் அந்தச் சுவரோடு இதைத்தான் பேசுகிறேன். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டாள்: "இனிமே வரமாட்டீங்கல்ல?"

நான் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. என்னையறியாமல் "ஐயோ" என்று கத்திவிட்டேன். விசயம் தெரிந்த அன்ரி ஒருவர் பாய்ந்து வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குரலெடுத்து அழத் தொடங்கினார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். மண்டபம் செத்தவீடாகிவிட்டது. படம் பாட்டுக்கு ஓடியது. மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளைக்காரக் கிழவர் டிஷ்யூப் பெட்டியோடு ஓடிவந்து, "இட்ஸ் ஒன்லி எ மூவி, லவ்" என்று என் தோளைத் தட்டினார்.

முடிந்ததும் பிரபு வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. "மன்னிச்சிருங்கக்கா. போட்டோவப் பாத்ததும் அவரு இறந்துட்டாருன்னே நெனச்சுட்டேன். அந்த ஷாட்டத் தூக்கிடறேன்."

அவனில் பிழை இல்லை. பொட்டோடு நிற்கும் பெண்ணின் புருசன் செத்திருக்க மாட்டான் என்ற கணக்கு எங்களுடையது. அவன் ஊரில் அதை இப்போது யார் பார்க்கிறார்கள்? ஓம், எடுத்துவிடுங்கோ என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆரணி என் கையைப் பிடித்தாள்.

"டோன்ட், அம்மா" என்றவள் என்றுமில்லாமல் தமிழில் தொடர்ந்தாள். "அப்பாவுக்காக ஆரும் அழுது நான் ஒருநாளும் காணேல்ல. இண்டைக்குத்தான் கண்டனான்."

பிள்ளைக்குத் தகப்பனும் கிடைக்கவில்லை, தகப்பனின் சாவும் கிடைக்கவில்லை. இரண்டையும் கொடுக்காமல் வளர்த்துவிட்டு, நம்பிக்கை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம்.

படத்தை அடுத்து மெல்பேர்னில் போட்டுவிட்டு யாழ்ப்பாணத்துக்கும் அனுப்பப்போவதாகப் பிரபு சொன்னான். மாமியின் முகம் கண்ணில் வந்து நின்றது.

"இஞ்ச போடுறதில இருக்கட்டும் தம்பி" என்றேன். "அங்க போறதில எடுத்துவிடுங்கோ."

அவன் தலையாட்டினான்.

மறுநாள் ஞாயிறு. போன் அடித்தது. எடுக்கப் போகும்போதுதான் போட்டோ தொங்கும் ஆணியைக் கவனித்தேன். மாலையைக் கழற்றியவர்கள் அறுந்த நூல் ஒன்றை விட்டுப்போயிருந்தார்கள். நுனியில் காய்ந்த மல்லிகை ஒன்று. இத்தனை கிழமையாக அதன் கீழேதான் சாப்பிட்டோம். எட்டிப் பிடுங்கக் கையைத் தூக்கினேன். ஆரணி பார்த்துக்கொண்டு நின்றாள். கையை இறக்கிவிட்டேன்.

"தம்பியைக் காட்டு பிள்ளை" என்றார் மாமி.

ஆணி தெரியாதபடி போனைக் கொஞ்சம் கீழே பதித்துப் பிடித்து, அவருக்கு மகனைக் காட்டினேன்.