எட்டில் ஒன்று சீமைக்கெம்பு

மலையடிவாரத்தில் சின்னக்குழந்தையைப் போலப் பயந்தவள் ஒருத்தியும் கிடையாது. அவளைப் போலக் கல் பார்க்கத் தெரிந்தவளும் கிடையாது. முதல் சங்கதி ஊருக்கே தெரியும். இரண்டாவது அவள் புருஷன் ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

புருஷன் கண்ணாயிரம் ஆசாரி. பெயரில் ஆயிரம் கண் இருந்து என்ன, முகத்தில் இருந்த இரண்டும் மூன்று வருஷமாகப் புகை மூடிக் கிடந்தன. ஜவ்வாது மலையிலிருந்து தேனும் கடுக்காயும் சுமந்துகொண்டு சந்தைக்கு இறங்குகிற மலைக்காரர்களுக்கு வெள்ளிக் காப்பு அடித்துக் கொடுப்பதை அவர் விரல் தடவலிலேயே செய்துவிடுவார். தங்கமும் கல்லும் வந்தால் சின்னக்குழந்தை கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவாள். வேலை முடிந்ததும் அவர் அதைக் கையில் ஏந்திக்கொண்டு வெளியே வருவார். ஆசாரி கை ஆசாரி கைதான் என்று ஊர் மெச்சும். பார்வை போன ஆசாரியிடம் எவன் தங்கத்தைக் கொடுப்பான்? அதனால் அந்த மெச்சலை இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டார்கள்.

யுத்தம் வருவதற்கு முந்தின வருஷம் படவேட்டுப் பக்கத்திலிருந்து துரைக்கண்ணு ஒரு பதக்கத்தைக் கொண்டுவந்தார். கரும்பும் நெல்லுமாக நிலபுலன் உள்ள மனுஷன், முன்கோபி. ஒரு தடவை வைக்கோல் திருடினான் என்று ஒருத்தனைப் புளியமரத்தில் கட்டிவைத்து அடித்தவர். பதக்கம் அவர் செத்துப்போன சம்சாரம் வெள்ளையம்மாளுடையது. வட்டமாக எட்டு பர்மாக் கெம்பு, ஒவ்வொன்றும் துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிசு. மகள் பாஞ்சாலிக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். பதக்கத்தின் கொக்கி விட்டுப்போயிருந்தது.

"பத்த வெச்சு, மெருகு போட்டுக் குடுய்யா. அவ அம்மா நகை இது. கல்லுல ஒண்ணு கொறைஞ்சாலும் உன்ன வுட மாட்டேன்," என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் சின்னக்குழந்தை கற்களை இரண்டு தடவை எண்ணினாள்.

சூடு படாமலிருக்க முதலில் ஏழு கல்லை அலுங்காமல் எடுத்துவிட்டாள். எட்டாவது பிடியை விடவே இல்லை. கெம்புக்கு நெருப்புப் பயம் இல்லை என்பது ஆசாரிகள் வீட்டுப் பேச்சு. தீயில் பச்சையாகக் கறுக்கும், ஆற ஆறத் தன் சிவப்புக்குத் திரும்பிவிடும். அதை அவளே நூறு தடவை பார்த்திருக்கிறாள். அந்தத் தைரியத்தில் கல்லோடு சேர்த்தே கொக்கியைப் பற்றவைத்தாள். நல்லபடியாகத்தான் பற்றியது. அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள். தான் வேலை செய்வது தெரிந்துவிடுமே என்ற பதற்றம். ஊதுகுழலைப் பாயின்கீழ்த் தள்ளினாள், தணலாக இருந்த பதக்கத்தைத் தண்ணீர்ச் சட்டியில் போட்டாள்.

'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

வந்தவள் மோர் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரி. அவள் போனபிறகு சின்னக்குழந்தை சட்டிக்குள் கைவிட்டுத் துழாவினாள். கல் இரண்டாகப் பிளந்திருந்தது. நெருப்புக்குப் பயமில்லாத கல், நெருப்பிலிருந்து நேரே தண்ணீருக்குப் போனால் என்ன ஆகும் என்று எந்த ஆசாரியும் சொல்லி வைக்கவில்லை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சொல்லிடலாம்," என்றார் கண்ணாயிரம்.

"இன்னா சொல்லுவீங்க? யாரு ஒடச்சான்னு கேப்பாரு. நீங்கன்னா கல்ல திருடிட்டு ஒடஞ்சத காட்டுறான்னுவாரு. நானுன்னா குருட்டு ஆசாரி இத்தினி நாளா ஊர ஏமாத்துனான்னுவாரு. எப்பிடிச் சொன்னாலும் அடி உங்களுக்குத்தான் வுழும்."

அவளுக்குத் தன் உடம்பைப் பற்றிப் பயமில்லை. அடி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றுகூடத் தெரியாமல் அந்த மனுஷன் மரத்தில் கட்டுண்டு நிற்பாரே, அதுதான் அவள் ஈரக்குலையை ஆட்டியது.

மறுநாள் கண்ணமங்கலத்தில் ரயில் ஏறி வேலூருக்குப் போனாள். ரயிலில் பார்த்தவனெல்லாம் துரைக்கண்ணுவின் ஆளாகவே தெரிந்தான். பஜாரில் கல் விற்கிற ஒரு வயசான சாயபு, அவள் கேட்ட அளவில் பர்மாக் கெம்பு எடுத்துப் போட்டார். விலை கேட்டதும் அவள் கையை இழுத்துக்கொண்டாள். முகத்தைப் பார்த்துவிட்டு அவரே வேறொரு பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே நாற்பது கல், அத்தனையும் ரத்தச் சிவப்பு.

"புளுகி விக்கிறவன் இல்லம்மா நானு. இது மண்ணுல வெளஞ்சது கெடையாது. சீமையில கெம்புக்கு உண்டான பொடிய தீயில உருக்கி, சொட்டுச் சொட்டா வளத்தது. கண்ணாடின்னு நெனைக்காத, கெம்புதான். பொறந்த எடம்தான் வேற."

அவள் நம்பவில்லை. நாக்கில் வைத்தாள், சில்லென்றது. மூச்சை ஊதினாள், படிந்த ஆவி சட்டென்று விலகியது. கண்ணாடித் துண்டில் இழுத்தாள், கண்ணாடிதான் கீறியது. சாயபு கடை விளக்கில் இடுக்கியால் பிடித்துக் காட்டச் சொன்னாள். பச்சையாகக் கறுத்து, மெதுவாக ஆறி, மறுபடி சிவந்தது. தெரிந்த பரீட்சையெல்லாம் முடிந்துவிட்டது. எல்லாவற்றிலும் அது தேறிவிட்டது.

ஆனாலும் அவளுக்கு நிம்மதியில்லை. பழைய ஏழும் ஏழு குணம். ஒன்றில் மேகம், ஒன்றில் மயிர்க்கீறல், ஒன்று லேசாக ரோஜா நிறம். இந்த நாற்பதும் தலைக்குக் குளித்துவிட்டு வந்து நிற்கிற பிள்ளைகள் மாதிரி அப்பழுக்கே இல்லாமல் இருந்தன. கடை வாசலில் வெயிலில் உட்கார்ந்து கூடக் கொண்டுவந்திருந்த பழசுகளுக்கு நடுவில் ஒவ்வொன்றாக வைத்து வைத்துப் பார்த்தாள். பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. கடைசியில் இருப்பதிலேயே அடங்கின நிறமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். வீட்டுக்கு வந்து, கல்லுக்கு அடியில் வைக்கிற அரக்கில் ஒரு சிட்டிகை கரி சேர்த்து, பளபளப்பை மட்டுப்படுத்திப் பதித்தாள்.

துரைக்கண்ணு வாங்கிப் பார்த்தார், பேஷ் என்றார், கொண்டுபோனார். அன்றிலிருந்து சின்னக்குழந்தைக்குச் சோறு இறங்கவில்லை. மாட்டுவண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து கதவோரம் நிற்பாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கிற புருஷனின் முதுகைப் பார்த்தாலே அழுகை முட்டும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்கிறார்களே, அவளுக்கு நெஞ்சு மட்டுமில்லை, நகக்கண்கூடக் குறுகுறுத்தது.

பத்தாம் நாள் துரைக்கண்ணுவின் வண்டி வந்தேவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் நகை பார்க்க வந்திருக்கிறார்களாம். கல் சோதிக்க அருணகிரி செட்டியாரைக் கூடவே அழைத்து வந்திருக்கிறார்களாம். நகையைப் பழுது பார்த்த ஆசாரியும் இருக்கவேண்டும் என்று ஆள் வந்து சொன்னான். கண்ணாயிரத்தின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, அவளும் ஏறிக்கொண்டாள்.

கூடத்தில் ஜமக்காளம் விரித்திருந்தது. அருணகிரி செட்டியார் பதக்கத்தை வெயில் விழுகிற இடத்துக்குக் கொண்டுபோய், பூதக்கண்ணாடியை வைத்துக் கல் கல்லாகப் பார்த்தார். சின்னக்குழந்தை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சீமைக்கெம்பின்மேல் கண்ணாடி வந்து நின்றது. அங்கேயே நின்றது.

"இந்த ஒரு கல்லு," என்றார் செட்டியார், "இதப்போல நான் பாத்ததே இல்ல. ஒரு கொறை கெடையாது. மத்த ஏழும் சரியில்லீங்க. கீறல் இருக்குது, புள்ளி இருக்குது. கீறல் கெம்பு போட்ட பொம்பளைக்கு ஆகாதும்பாங்க."

சின்னக்குழந்தைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தப்பித்தாயிற்று. இனி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

அப்போது மாப்பிள்ளையின் தாயார் பேசினாள். "இதப் போட்ட மவராசி ரெண்டாவது பிரசவத்துல போய்ட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். இப்பதான் புரியுது. அந்தக் கல்லு கழுத்துல கெடந்தப்போ வயித்துல கெடந்த பொண்ணுதானே இது? தோஷம் கல்லோட போவுமா? நம்ப வூட்டுக்கும் வரும். எழுந்திருங்க, போலாம்."

உள்கதவோரம் நின்றிருந்த பாஞ்சாலி தலையைத் தூக்கவில்லை. தாவணி நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. பேச்சு முறிந்துபோனால் இந்த வட்டாரத்தில் இனி எவன் அவளைக் கேட்டு வருவான்? தோஷக்காரி என்ற பெயர் அவளைச் சுடுகாடுவரைக்கும் தொடரும்.

சும்மா இரு, சும்மா இரு என்று சின்னக்குழந்தை தனக்கே சொல்லிக்கொண்டாள். உன் புருஷன் முதுகை நினைத்துக்கொள். வாய் கேட்கவில்லை.

"செட்டியாரே, மண்ணுல வெளஞ்ச கல்லுல கொறை இல்லாம இருக்காதுங்க. நெல்லுலகூடப் பதரு இருக்குதே. கொறையே இல்லாத அந்தக் கல்லுதான் வெளஞ்ச கல்லு இல்ல. சீமையில தீயில வளத்தது. நான் வேலூர்ல வாங்கி வெச்சேன். ஒடஞ்சுபோன கல்லு எங்க வூட்டு அரக்கு டப்பாவுல ரெண்டு துண்டா கெடக்குது."

அவள் மாப்பிள்ளையின் தாயாரைப் பார்த்துக் கும்பிட்டாள். "அம்மா, கோச்சுக்காதீங்க. நீங்க போட்டுனு இருக்கிற கெம்புக் கம்மலயும் அவரு கண்ணாடியில பாக்கட்டும்."

அந்தம்மாள் வெடுக்கென்று கழற்றிக் கொடுத்தாள். செட்டியார் பார்த்தார். அப்புறம் சீமைக்கெம்பை மறுபடி ஒருமுறை சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். முகம் சிறுத்துவிட்டது. நல்ல வேளை, யோக்கியமான மனுஷன்.

"உள்ள பொடிப்பொடியா குமிழி இருக்குது. ஆசாரியம்மா சொல்றது நெசம்தான். உங்க கம்மல்லயும் கீறல் இருக்குதுங்கம்மா. முப்பது வருஷமா போட்டுனு இருக்கீங்க, நல்லாத்தானே இருக்கீங்க."

எழுந்தவர்கள் மெதுவாக உட்கார்ந்தார்கள். வெற்றிலைத் தட்டு நகர்ந்தது. அந்தம்மாள் கம்மலைத் திருகிக்கொண்டு, தையிலேயே முகூர்த்தம் வைக்கலாம் என்றாள்.

அவர்கள் வண்டி கிளம்பும்வரைக்கும் துரைக்கண்ணு பொறுத்திருந்தார். கிளம்பியதும் பாய்ந்து வந்து கண்ணாயிரத்தின் தோள்துண்டைப் பிடித்தார். "கல்ல மாத்தினியாடா?"

"நான்தாங்க, ஐயா," என்றார் கண்ணாயிரம். கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிடு துரைக்கண்ணு நின்ற பக்கம் போகாமல் தூணைப் பார்த்துப் போனது.

"அவருக்குக் கண்ணு தெரியாதுங்க," என்று சின்னக்குழந்தை நடுவில் வந்து நின்றாள். "மூணு வருஷமா எல்லாம் நான்தான் செய்யறேன். ஒடச்சதும் நானு, வெச்சதும் நானு. அடிக்கணும்னா என்ன அடிங்க."

துரைக்கண்ணு தூணைப் பார்த்தார், ஆசாரியைப் பார்த்தார். துண்டைப் பிடித்த கை தளர்ந்தது. பதக்கத்தை அவள் காலடியில் விட்டெறிந்தார்.

"கல்யாணத்துக்குள்ள அசல் கல்லு அதுல இருக்கணும். அப்பால என் மூஞ்சில முழிக்காதீங்க."

அவள் குனிவதற்குள் பாஞ்சாலி வந்து பதக்கத்தை எடுத்தாள். அதுவரை அவள் குரலை அங்கே யாரும் கேட்கவில்லை.

"அக்கா, மத்த ஏழையும் எடுத்துடுங்க. எட்டும் சீமைக்கல்லாவே வெச்சுடுங்க."

"பாஞ்சாலி," என்றார் துரைக்கண்ணு. "அது உங்கம்மா கல்லு."

"அதான்பா." பாஞ்சாலி பதக்கத்தைத் திருப்பிப் பிடித்தாள். "அம்மா செத்தப்போ இது அம்மா கழுத்துல இருந்துச்சு. பொம்பளைங்க என்னத்தான் கழட்டச் சொன்னாங்க. அப்ப எனக்கு ஏழு வயசு. இத எப்பப் பாத்தாலும் எனக்கு அந்தக் கழுத்துதான் தெரியுது. கல்யாணத்துக்குப் போடணும்னு நீங்க சொன்னதுலேந்து பயமா இருக்குதுப்பா. இந்த ஒரு கல்லுதான் எங்கம்மா சாவறதப் பாக்காதது."

வாசலில் கட்டியிருந்த மாடு கழுத்து மணியை ஆட்டியது. துரைக்கண்ணு மகளைப் பார்த்தார். பிறகு மீசையைத் துடைப்பதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். ஆசாரியிடம் திரும்பவில்லை, சின்னக்குழந்தையிடம் திரும்பினார்.

"எத்தினி நாளு ஆவும்மா?" என்று கேட்டார்.