கொழுப்பு கரைக்கும் வைட்டமின்

இன்று மதியம் எங்கள் பனியன் கம்பெனி கேன்டீனுக்கு அந்த ஆள் வந்திருந்தார். கொலஸ்ட்ராலுக்கு வைட்டமின் மாத்திரை விற்கிறவர்.

போன மாதம், "டாக்டர் மாத்திரை எதுக்குங்க? இது வெறும் வைட்டமின்தானுங்க" என்று என் கணவர் தலையில் கட்டியவர் இவர்தான். நம்பி டாக்டர் மாத்திரையை நிறுத்தினார் என் கணவர். முகமெல்லாம் சிவந்து எரிந்தது. போனில் கேட்டால், "கொழுப்பு கரையுதுங்க, பயப்படாதீங்க" என்றார்.

நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு இந்த ஆள் எங்கள் போனையே எடுக்கவில்லை. கணவர் பிழைத்து வந்தது எங்கள் நல்ல நேரம்.

இன்று தையல் செக்‌ஷன் பெண்களிடம் அதே பேச்சு. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினேன்.

"ஏனுங்க, நீங்க ஒண்ணு முழுங்கிக் காட்டுங்க. நாங்க எல்லாருமே வாங்கிக்கறோமுங்க."

சிரித்துப் பார்த்தார். நான் டம்ளரை இறக்கவில்லை.

"எனக்கு ஒத்துக்காதுங்க" என்று முனகினார். "நான் டாக்டர் குடுத்த மாத்திரைதானுங்க சாப்பிடறேன்."

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கலீங்க, சத்தமாச் சொல்லுங்க."

சொல்ல வைத்தேன். ஒரு டப்பாகூட விற்கவில்லை.

நாளைக்கு வேலம்பாளையத்தில் கூட்டம் போடுகிறாராம். அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது இருந்தால் இடத்தைச் சொல்லுங்கள். நான் லீவு போட்டுவிட்டேன்.