கையைக் காட்டினால் நிற்காத ரயில்

வவுனியாவில் கட்டிக்கொடுத்த என் தங்கைக்கு ஒரே மகள். அவள் பெரியவளானாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் சடங்குக்குத் தாய்மாமன் சீர் நான்தான் கொண்டுபோக வேண்டும். நான் கொடுக்கும் சேலையைக் கட்டித்தான் பிள்ளை சபைக்கு வருவாள். இரத்தினபுரிக்கு மேலே உள்ள எங்கள் ரப்பர் தோட்டத்தில் எனக்குக் கிடைத்ததோ ஒரே நாள் லீவு.

எதில் போவது என்று வீட்டில் ஒரே பேச்சு. தங்கையின் புருஷன், மச்சான், போனில் பிளேனில் வரச் சொன்னார். அது யாழ்ப்பாணத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து வந்த திசையிலேயே திரும்ப வேண்டும். சீர்த்தட்டுகளை ஏற்றுவார்களோ என்னவோ. மனைவி பஸ்தான் என்றாள். எனக்கு ரயில். எங்கள் பக்கம் ரயிலே கிடையாது. ஜன்னலோரம் அரைத் தூக்கத்தில், வயலும் குளமும் பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. என் பிடிவாதம் வீட்டில் ஜெயிப்பது அபூர்வம். அன்று ஜெயித்துத் தொலைத்தது.

காலையில் தோட்டத்து பஸ் பனிக்குள் ஊர்ந்து வந்தது. அது எல்லோருக்கும் நிற்கும். மேல் லயத்து வீடுகளிலிருந்து யாராவது கையைக் காட்டினால், அவர் படியிறங்கி வரும்வரை டிரைவர் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். மனைவி மறந்துபோன வளையலுக்காகத் திரும்பி ஓடினாள். அதற்கும் நின்றது.

கொழும்பில் நாங்கள் மேடைக்கு வந்தபோது ரயில் நகர ஆரம்பித்திருந்தது. நான் பதறவே இல்லை. தட்டை இறக்கி வைத்துவிட்டு, எஞ்சினைப் பார்த்து நிதானமாகக் கையைக் காட்டினேன். அது தன் பாட்டுக்குப் போய்விட்டது. மனைவி சிரித்தாள், பிறகு அழுதாள்.

வவுனியா பஸ்ஸில் ஏறினோம். நல்ல நேரத்துக்குள் வர முடியாது, நீங்கள் நடத்திவிடுங்கள் என்று தங்கைக்கு போன் செய்தேன். "வாங்கண்ணே" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

ஆசைப்பட்ட வயலும் குளமும் பஸ் ஜன்னலிலேயே வந்தன. ஒரு குளத்தில் வானம் முழுவதும் படுத்திருந்தது. கண் சொக்கியது. ஒவ்வொரு முறை விழித்தபோதும், என் சேலை இல்லாமல் அந்தப் பிள்ளை சபையில் நிற்பதுதான் கண்ணில் வந்தது. வெட்கமாக இருந்தது.

போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. பந்தலில் பாதிப் பேர் கலைந்திருந்தார்கள். மச்சானின் சொந்தக்காரர்கள் முகம் கொடுக்கவில்லை. பிள்ளை பழைய பாவாடையில், காய்ந்த தலையோடு பலகையில் உட்கார்ந்து தூங்கி வழிந்துகொண்டிருந்தாள்.

"நல்ல நேரம் போயிருச்சேம்மா. உங்கள ஊத்தச் சொன்னேனே" என்றேன்.

தங்கை என் கையிலிருந்த தட்டை வாங்கினாள்.

"நீங்க இல்லாத நேரம் எனக்கு எப்படிண்ணே நல்ல நேரமாகும்?"

மஞ்சள் தண்ணீர்ச் செம்பை என் மனைவி கையில் கொடுத்துவிட்டு, மகளை எழுப்பினாள்.